3ஏ மாடி காணாமல் போன சனிக்கிழமை

எங்கள் பிளாக்கில் நாலாவது மாடி கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, அதற்கு மேல் 3ஏ, அப்புறம் ஐந்து. மேலே போனால் பதின்மூன்றுக்கு அடுத்து 13ஏ. சீனர்களுக்கு நாலு என்றால் சாவு, அவர்கள் பேச்சில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். பினாங்கில், அதுவும் ஆயர் ஈத்தாமில், சீனர் வாங்காத வீட்டைக் கட்டி யார் விற்பது? கட்டியவன் நாலையே எடுத்துவிட்டான். நாங்கள் 3ஏ-க்காரர்கள். என் பக்கத்து வீடு ரமணி. இது ரமணியின் மகள் காமினியைப் பற்றியது.

காமினிக்கு முப்பது தாண்டிவிட்டது. எவ்வளவு தாண்டியது என்பதில் ரமணி சொல்லும் கணக்கும் என் கணக்கும் ஒத்துப்போகாது, அது இருக்கட்டும். பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தாள். அந்தப் பிரிவையே மூட்டை கட்டி வேறு நாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் அழுவாள், ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். அவளோ வரவேற்பறையில் மேசை போட்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். இனி அவள் வேலை தேடிப் போகமாட்டாளாம், வேலை அவளைத் தேடி வருமாம். வேலை வந்ததோ இல்லையோ, நான் தினமும் வந்தேன். கறிவேப்பிலை கேட்க ஒருமுறை, வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒருமுறை.

ரமணிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. மகன் லோகேஸ்வரன் கோலாலம்பூரில், கே.எல்.-இல் இருக்கிறான். தங்கைக்கு அங்கே ஓர் ஆபீஸில் சொல்லி வைத்து, தன் வீட்டில் ஓர் அறையையும் ஒழித்துப் போட்டிருந்தான். தாயும் மகளும் பேசிக்கொண்டது முழுக்க எனக்குத் தெரியும். எங்கள் சுவர் மெல்லியது. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிளாக்குக்கு வரும் புது லிஃப்ட் கார்டு வேலை காமினிக்குக் கிடைத்திருந்தது. அது நன்றாக முடிந்தால், எங்கள் பிளாக்கை நிர்வகிக்கும் கம்பெனி தன் கையிலுள்ள மற்ற பிளாக்குகளையும் அவளிடமே தருவதாகச் சொல்லியிருந்தது. தந்தால் அவள் பினாங்கில் இருப்பாள். தராவிட்டால் தீபாவளி முடிந்த கையோடு கே.எல். பஸ். இதற்கு இருவரும் சாமி படத்துக்கு முன்னால் நின்று ஒப்புக்கொண்டார்கள். படம் மாட்டியிருந்தது என் பக்கத்துச் சுவரில்.

லிஃப்ட் கார்டு வேலை என்ன பெரிய வேலை என்று நானும்தான் நினைத்தேன். விஷயம் இதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார்டு. கார்டைக் காட்டினால் லிஃப்ட் உங்கள் மாடிக்குக் கூட்டிப்போகும், வேறு மாடிக்குப் போகாது. குடியிருப்போர் கமிட்டித் தலைவர் பழனியப்பன் இதைப் பாதுகாப்பு என்கிறார். அடுத்த மாடிக்காரர் வீட்டில் என்ன சமையல் என்று தெரிந்துகொள்ள முடியாத ஊரில் என்ன பாதுகாப்பு என்று நான் கேட்கவில்லை, மனசுக்குள் வைத்துக்கொண்டேன். கார்டு இயந்திரத்தை விற்றது பழனியப்பனின் அக்காள் மகன் சுகுமாரன். குடியிருப்பவர்களின் விவரத்தைப் புது சிஸ்டத்தில் ஏற்றும் வேலையும் தனக்கே வரும் என்று அவன் காத்திருந்தான். கம்பெனி காமினியிடம் கொடுத்துவிட்டதால் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

விவரமெல்லாம் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு வரி. வரிக்குள் மாடி, வீட்டு எண், பெயர், முகவரி, போன், ஒவ்வொன்றுக்கும் நடுவில் காற்புள்ளி. முகவரிக்குள்ளேயே காற்புள்ளிகள் இருந்ததால் எங்கே எது முடிகிறது என்று தெரியாத குழப்பம். சுகுமாரன் பெரிய மனது பண்ணி ஒரு யோசனை சொன்னான். காற்புள்ளிக்குப் பதிலாகச் சாய்கோடு போட்டுப் பிரிக்கலாமாம்.

காமினி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணே, ஐ.சி. அடையாள அட்டைல உங்க பேரு எப்படி இருக்கு? சுகுமாரன் ஏ சாய்கோடு எல், இன்னாரு மகன்னு, அப்புறம் அப்பா பேரு. சாய்கோட்டுல வெட்டினா நீங்க ஒரு பக்கம் விழுவீங்க, உங்க அப்பா ஒரு பக்கம் விழுவாரு. பிளாக்குல இருக்கற தமிழாளுங்க அத்தனை பேரும் ரெண்டு துண்டு."

அதைக் கீழே இருக்கும் ஹைதர் சாப்பாட்டுக் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். ஹைதர் தே தாரிக் டீயை ஆற்றி இழுத்த இழுப்பில் பாதி மேசையில் கொட்டியது. அப்புறம் அவளே செங்குத்தாக நிற்கும் நேர்க்கோடு போட்டுப் பிரித்த ஃபைல் ஒன்றைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொண்டாள். பெயரிலும் முகவரியிலும் எவனும் நேர்க்கோடு போடமாட்டான் என்பது அவள் கணக்கு.

எத்தனை வீடு, உட்கார்ந்து ஒவ்வொன்றாக டைப் அடிக்கப் போகிறாயா என்று நான் கேட்டதற்கு அவளுக்குச் சிரிப்பு. புரோகிராமில் ஒரு கனெக்‌ஷன் திறந்தால் போதுமாம். ஃபோல்டர்தான் டேட்டாபேஸ், அதற்குள் இருக்கும் டெக்ஸ்ட் ஃபைல்தான் டேபிள் என்று சொல்லிவிட்டால், நடுவில் இருக்கும் டிரைவர் என்கிற மென்பொருள் அதை நம்பிக்கொண்டு ஃபைலைப் படித்துக் கொடுக்குமாம். இந்தப் பக்கம் படி, அந்தப் பக்கம் ஊற்று, அவ்வளவுதான். அவள் பட்டனைத் தட்டினாள். நான் கறிவேப்பிலை ஆய்ந்து முடிப்பதற்குள் முழு பிளாக்கும் புது சிஸ்டத்துக்குக் குடிபோய்விட்டது. போன வரி எத்தனை, வந்த வரி எத்தனை என்று எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. முதல் மாடி வீடுகளைத் திறந்து பார்த்தாள். அழகாக இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு அம்மாவைப் பார்த்து, கே.எல். ரூமை அண்ணன் வாடகைக்கு விடலாம் என்றாள். ரமணி பாத்திரங்களைப் பேசவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் கீழே திறப்பு விழா. பழனியப்பன் பாத்தேக் சட்டை போட்டு ரிப்பன் வெட்டினார். லிஃப்டுக்கு ரிப்பன் வெட்டிய முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு ஆளுக்கொரு பொட்டலம். முதல் மாடிக்காரர்கள் கார்டைக் காட்டினார்கள், போனார்கள். ஐந்தாம் மாடி போயிற்று, எட்டாம் மாடி போயிற்று. ரமணி மகள் செய்த வேலையை ஊர் பார்க்கட்டும் என்று பட்டுப் புடவையிலேயே வந்திருந்தாள். தன் கார்டை எடுத்துக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. கதவு மூடியது. லிஃப்ட் நகரவில்லை. கதவு திறந்தது, ரமணி அதே இடத்தில் நின்றிருந்தாள். மறுபடியும் காட்டினாள். மறுபடியும் கதவு மூடித் திறந்தது. கடை பொம்மை மாதிரி அவளைத் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டியது லிஃப்ட்.

அடுத்து நான். எனக்கும் அதே கதி. எங்களுக்கு எதிர்வீட்டு ஆ ஹூன் ஆன்ட்டிக்கும் அப்படித்தான். அப்போதுதான் சுகுமாரன் கார்டுகளை வாங்கிப் பார்த்தான். பேர் இருந்தது, வீட்டு எண் இருந்தது, மாடி என்று போட்டிருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. 3ஏ மாடி மொத்தமும் அப்படி. 13ஏ-வும் அப்படி. கம்ப்யூட்டர் பிள்ளையின் அம்மாவுக்கே வீடு இல்லை என்று அவன் சத்தமாகச் சொல்லிச் சிரித்தான். ரமணி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். மகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் பக்கத்து வீட்டை அப்படியே விட்டுவிட முடியாது. கொஞ்சம் ரசம் எடுத்துக்கொண்டு போனேன். ரமணி அறையில் பையை எடுத்து வைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மகளின் துணி. காமினி லேப்டாப்பில் குனிந்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"ஆன்ட்டி, வரி எல்லாம் வந்திருக்கு. அதான் எண்ணிக்கை சரியா இருந்துச்சு. மாடிங்கற கட்டத்த மட்டும் அது முழுங்கிருச்சு."

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அந்த டிரைவர் முழு ஃபைலையும் பார்த்துவிட்டு முடிவு செய்வதில்லை. மேலே இருக்கும் சில வரிகளை மட்டும் எட்டிப் பார்க்கும். அங்கே எல்லாம் முதல் மாடி, வெறும் ஒன்று, ஒன்று, ஒன்று. ஓகோ, இந்தக் கட்டத்தில் எண்தான் வரும் என்று முடிவு கட்டிவிடும். கீழே போகும்போது 3ஏ என்று ஒன்று எதிர்ப்படும். எண் இல்லையே என்று சண்டை போடாது, ஆளையும் கூப்பிடாது. சத்தமில்லாமல் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நிற்கும் முதல் இரண்டு பேரைப் பார்த்தே மொத்தக் குடும்பத்துக்கும் மதிப்பெண் போடுவார்களே, அந்த ஜாதி என்று நான் சொன்னேன். அதேதான் ஆன்ட்டி என்றாள். உள்ளே துணி மடிக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது.

மருந்தும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே இன்னொரு சின்ன ஃபைல் எழுதி வைக்கவேண்டும். பிரிப்பது நேர்க்கோடு, மாடி என்பது எழுத்து, போன் என்பது எழுத்து என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிரைவர் முதலில் அதைப் படிக்கும், அப்புறம் சொந்த மூளையைப் பயன்படுத்தாது. முந்தின முறை அதை ஏன் எழுதவில்லை என்று நான் கேட்டேன். நேர்க்கோட்டை மட்டும் சொல்லியிருந்தாளாம், மற்றதை எழுதச் சோம்பேறித்தனம் என்றாள், கூசாமல். என் ரசம் ஆறுவதற்குள் எழுதி, தன் லேப்டாப்பிலேயே ஏற்றிப் பார்த்தாள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் வேலையை நிறுத்திச் சத்தம் போடும்படி இன்னும் சில வரி சேர்த்தாள். 3ஏ திரும்பி வந்துவிட்டது. என் பெயருக்கு எதிரே 3ஏ என்று பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உடனே இறங்கி ஹைதர் கடைக்குப் போனோம். பழனியப்பனும் சுகுமாரனும் அங்கேதான் இருந்தார்கள். சுகுமாரன் ஏற்கெனவே வேலையை முடித்துவிட்டிருந்தான். ஃபைலைத் திறந்து 3ஏ என்று இருந்த இடத்திலெல்லாம் 4 என்று மாற்றினான், 13ஏ என்று இருந்ததை 14 என்று மாற்றினான். எண்தான் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்கிறது, எண்ணையே கொடுத்துவிட்டால் போகிறது. புதுக் கார்டு நாளைக் காலையில் தயார். பழனியப்பன் ரோட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, காமினி ஓய்வு எடுத்துக்கொள்ளட்டும், இனி சுகு பார்த்துக்கொள்வான், கம்பெனிக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன் என்றார்.

"அங்கிள், ஃபைல்ல கை வைக்காதீங்க. ஃபைல் சரியாத்தான் இருக்கு. நான் அதப் படிச்ச விதந்தான் தப்பு."

"தப்ப ஒத்துக்கிட்ட இல்ல? அப்ப விடு லா."

அவள் ஒரு கோப்பி சொல்லி, நிதானமாகக் குடித்து, காசு கொடுத்துவிட்டு எழுந்தாள். படியேறும்போது, இப்படி விட்டுக்கொடுத்தால் நீ கே.எல்.தான் என்றேன். நாளைக்கு ஆ ஹூன் ஆன்ட்டி கார்டு வாங்கட்டும், அப்புறம் பேசலாம் என்றாள்.

அன்று மாலை நான் ஆ ஹூன் ஆன்ட்டியோடு கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன். பொதுவாகத்தான். எங்கள் மாடியில் பழனியப்பனுக்குச் சொந்தமான வீடு ஒன்று காலியாகக் கிடப்பதும், ஈப்போவிலிருந்து ஒரு சீனத் தம்பதி ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கப் பார்க்க வருவதும் பேச்சோடு பேச்சாக வந்தன. வீட்டுத் தரகர் என்னிடம்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தார், அதனால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே சுகுமாரன் கார்டுகளைக் கொடுத்தான். எல்லாவற்றிலும் பளிச்சென்று 4. லிஃப்டின் சிவப்பு எழுத்திலும் இப்போது மூன்றுக்கு மேல் 4. ஆ ஹூன் ஆன்ட்டி கார்டை வாங்கினாள், படித்தாள், செத்த பல்லியைப் பிடிப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்து மேசைமேல் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற குடும்பங்களும் வரிசையாக வைத்தன. 13ஏ ஆட்கள் பக்கத்தில்கூட வரவில்லை. பதினாலு அவர்களுக்கு நாலைவிட மோசமாம். கம்பெனி அதிகாரி நூர் பீவி கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமையும் தூங்கவிடாமல் ஆ ஹூன் ஆன்ட்டி போன் பண்ணிக்கொண்டே இருந்தாளாம்.

நாலு வெறும் நம்பர்தானே என்று பழனியப்பன் மலாயில் சமாதானம் சொன்னார். ஆ ஹூன் ஆன்ட்டியும் மலாயில்தான் பதில் சொன்னாள். நான் அதைத் தமிழில் தருகிறேன்.

"நான் கல்யாணமாகி 3ஏ-க்கு வந்தேன். நாலுக்கு வரல. நாலுல நான் இருக்கமாட்டேன், படியேறிப் போறேன். உன் வீடும் அதே மாடிதான் தலைவரே. ஈப்போகாரங்க இன்னிக்கு வர்றாங்க இல்ல? லிஃப்ட்ல ஏத்திக் கூட்டிட்டுப் போ."

பழனியப்பன் முகம் நாசி லெமாக் இலை நிறத்துக்குப் போயிற்று. இது இவளுக்கு எப்படித் தெரியும் என்று சுற்றிலும் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒட்டடை நிறைய இருந்தது, கமிட்டி கவனிக்க வேண்டிய விஷயம்.

இது யார் செய்த குளறுபடி என்று நூர் பீவி கேட்டார். சுகுமாரன் யோசிக்காமல் காமினியைக் கைகாட்டினான். ரமணி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. காமினி முன்னால் வந்தாள்.

"நேத்து மாடி காலியா வந்தது என் தப்பு மேடம். வரிய எண்ணினேன், கட்டத்தப் பாக்கல. நாலு நான் போட்டது இல்ல. சரியான இம்போர்ட் நேத்தே எழுதிட்டேன். நீங்க சரின்னு சொன்னா இங்கயே ஏத்தறேன்."

நூர் பீவி பழனியப்பனைப் பார்த்தார். இருபத்து நாலு மணி நேரத்துக்கு முன்பு சுகு பார்த்துக்கொள்வான் என்ற அதே பழனியப்பன், சீக்கிரம் ஏத்தும்மா, மத்தியானத்துக்குள்ள என்றார். ஈப்போகாரர்கள் மத்தியானம் வருகிறார்கள், பாவம்.

காவலாளி மேசையில் லேப்டாப்பை வைத்தாள். சுகுமாரன் மாற்றிய ஃபைலைத் தொடவேயில்லை, பழையதையே எடுத்தாள். எல்லோரும் சுற்றி நின்று மூச்சுவிட்டதில் அவளுக்கு வியர்த்தது. பழைய விவரத்தை அழித்தாள், கனெக்‌ஷனைத் திறந்தாள், தட்டினாள். பிறகு வரியை எண்ணினாள், ஒவ்வொரு கட்டத்திலும் காலி இருக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்று வந்தது. அதோடு விடாமல் மாடிக்கு ஒரு வீடாகப் பெயரை உரக்கப் படித்தாள். அந்தந்த வீட்டுக்காரர் ஆமாம் என்று சொல்லவேண்டும். ஸ்கூலில் பேர் கூப்பிடுவது மாதிரி பெரியவர்களெல்லாம் கை தூக்கினார்கள். முதல் கார்டு அச்சானதும் அதை ரமணியிடம் நீட்டினாள். ரமணி ஆ ஹூன் ஆன்ட்டியையும் கூட இழுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினாள். கதவு மூடியது. மேலே சிவப்பு எழுத்து இரண்டு, மூன்று என்று ஓடி 3ஏ-வில் நின்றது. கீழே கைதட்டினார்கள். ஏறிய இருவரும் திரும்பி வரவில்லை, வீட்டு வாசலைப் பார்த்ததும் அவரவர் சமையல் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

நூர் பீவி கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். அடுத்த பிளாக்கின் ஃபைல். இதில் முதலில் என்ன செய்வீர்கள் என்று சுகுமாரனிடமும் கேட்டார், காமினியிடமும் கேட்டார். சுகுமாரன் இதிலும் 3ஏ இருந்தால் பார்த்து வேறு ஏதாவது எண் போடலாம் என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ அவன் தோளைத் தட்டி உட்காரச் சொன்னார்கள். காமினி ஃபைலைத் திறந்து மேலிருந்து கடைசி வரி வரைக்கும் நகர்த்திப் பார்த்தாள். இந்த பிளாக்கில் வீட்டு எண்ணெல்லாம் சைபரில் ஆரம்பிக்கிறது, எண் என்று படித்தால் முன்னால் இருக்கும் சைபர் போய்விடும், போனும் அப்படித்தான், எல்லாவற்றையும் எழுத்து என்று முதலில் சொல்லி வைத்துவிட்டுத்தான் கனெக்‌ஷனையே திறப்பேன் என்றாள். பேசிக்கொண்டே அந்தச் சின்ன ஃபைலை எழுத ஆரம்பித்திருந்தாள்.

நூர் பீவி பென் டிரைவைத் திரும்ப எடுக்கவில்லை. எல்லா பிளாக்கும் நீயே செய், ஆனால் இன்னொரு மாடி காணாமல் போனால் என்னிடம் வராதே என்றார். காமினி சரியென்று சொல்லவில்லை, ஒரு நிபந்தனை போட்டாள். திறப்பு விழாவுக்கு முன்னால் மாடிக்கு மாடி ஓர் ஆள் போய் கார்டைச் சோதித்து, வீட்டுக்காரரிடம் விவரம் சரியா என்று கேட்டுவர வேண்டும். அதற்குக் கம்பெனி ஆள் போடவேண்டும். முன்பின் தெரியாத வீடுகளில் கதவைத் தட்டிப் பேசிக்கொண்டு நிற்க யாருக்குப் பொறுமை இருக்கும் என்றார் நூர் பீவி. காமினி என்னைப் பார்த்தாள். ஹைதர் பார்த்தார். பழனியப்பன்கூடப் பார்த்தார். ஊர் நன்மைக்காக நான் ஒத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் பக்கத்து வீட்டில் போன் பேசுவது கேட்டது. காது கொடுத்துக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை, ரமணி கே.எல்.-க்குப் பேசினால் போன் இல்லாமலே கேட்கும்.

"தம்பி, அந்த ரூம யாருக்காச்சும் கொடுத்துடு. அவ வரல. இல்ல, சண்டையெல்லாம் இல்ல. அவளுக்கு இங்க வேலை இருக்கு லா, பிளாக் பிளாக்கா இருக்கு."

அந்தப் பக்கம் அவன் என்னவோ நீளமாகச் சொன்னான். ரமணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, மகளின் பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தபடியே, தங்கச்சிக்கு அறிவுரை சொல்வதை நிறுத்திவிட்டு அவன் ஆபீஸில் டெக்ஸ்ட் ஃபைல் ஏதாவது ஏற்ற வேண்டியிருந்தால் சொல்லச் சொன்னாள்.